கனவு மேடம் அழித்த வழி

அந்த மருத்துவமனையில் அவளுக்குக் 'கனவு மேடம்' என்று பெயர். நெட்வொர்க் பார்க்கிறவள் கனவு காண்பதில் தப்பு ஒன்றும் இல்லை; அந்த நேரத்தில் கை சும்மா இருக்க வேண்டும், அவ்வளவுதான். அவள் கை சும்மா இருக்காது.

குளிரூட்டிய சின்ன அறை. அடுக்கடுக்காக, கணினிகளை இணைக்கும் ஸ்விட்ச் பெட்டிகள், அவற்றின் விசிறிகளின் ஒரே சீரான முனகல், பச்சை விளக்குகளின் சிமிட்டல். பதினெட்டு வருடமாகப் பார்த்தும் அவளுக்குச் சலிக்கவில்லை. ஒவ்வொரு விளக்கும் ஒரு தெருமுனை, யாரோ எங்கேயோ போய்ச் சேர்ந்துகொண்டே இருக்கிறார்கள் என்று தோன்றும்.

இந்தக் கட்டிடத்துக்கும் ஊரின் மறுகோடியில் இருக்கும் கிளைக்கும் இடையே தகவல் போகும் வழியை இதுவரை அவள் கையால் எழுதி வைத்திருந்தாள். இனி ஸ்விட்சுகளே வழி கண்டுபிடித்துக்கொள்ளும். பத்து விநாடிக்கு ஒரு முறை பக்கத்து ஸ்விட்சிடம் 'நான் இருக்கிறேன்' என்று சொல்லும். நாற்பது விநாடி சத்தமே இல்லையென்றால் பட்டியலிலிருந்து அடித்துவிடும். மனிதர்களைவிட ரோஷக்காரப் பெட்டிகள் என்று சிரித்துக்கொள்வாள். சிரிக்க அவளுக்கு யோக்கியதை இல்லைதான். அவளும் நாத்தனாரும் பேசிப் பதினோரு மாதம் ஆகிறது.

மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்த அன்று தொடங்கியது அது. "அம்மா கூப்பிட்டது அண்ணி காதுல எங்க விழும்? அவங்க கனவுல இருந்திருப்பாங்க" என்று, அன்று வீட்டுக்கு வந்திருந்த நாத்தனார் எல்லார் முன்னாலும் சொன்னாள். உடைந்த இடுப்பெலும்பு கூடியதும் அம்மாவைத் தன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அன்று ஜன்னலோரம் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றவள் என்பதால் இவளால் வாய் திறக்க முடியவில்லை. 'எங்க வீட்டு அசமந்தம்' என்று மாமியார் கொஞ்சிக் கூப்பிடும் குரல் இல்லாமல் வீடு வெறிச்சோடிக் கிடந்தது. அந்தக் குரலுக்காக அவள் ஏங்கினாள்.

சாப்பாட்டு நேரத்தில் மாற்றிவிடலாம் என்று, உட்கார்ந்த இடத்திலிருந்தே கிளை ஸ்விட்சுக்குள் நுழைந்தாள். இப்படித் தொலைவிலிருந்து கை வைக்கும்போது, பத்து நிமிடத்தில் தானாக அணைந்து எழும்படி பெட்டிக்கு முதலில் கட்டளை கொடுப்பது அவள் வழக்கம். தப்பு நடந்தாலும், சேமிக்காததையெல்லாம் மறந்து பெட்டி பழையபடி எழுந்துவிடும். இன்று விளக்குகளைப் பார்த்தபடியே அதைக் கோட்டை விட்டாள். புது வழி பிறப்பதற்கு முன்பே பழைய வழியை அழித்தாள். அந்த வழியாகத்தான் அவளே உள்ளே போயிருந்தாள். திரை அப்படியே நின்றுவிட்டது.

மணி ஒன்று நாற்பத்தெட்டு. இரண்டுக்குக் கிளையில் நோயாளிகள் வரிசை தொடங்கிவிடும். அங்கே யாராவது பெட்டியின் மின்வயரைப் பிடுங்கிச் செருகினால் போதும். இந்த நேரத்தில் அங்கே இருப்பது பதிவு கவுண்டரில் வேலை பார்க்கும் நாத்தனார் ஒருத்திதான். மறுபடியும் கனவில் இருந்தேன் என்று போயும் போயும் அவளிடமா சொல்வது? இரண்டு முறை எண்ணை எடுத்து வைத்துவிட்டு, மூன்றாவது முறை அழுத்தினாள்.

"நான்தான். அண்ணி பேசறேன்."

பதிலுக்குக் காத்திராமல் தொடர்ந்தாள்.

"தப்பு பண்ணிட்டேன். ஏதோ யோசனையில இருந்துட்டேன். உனக்குப் பின்னால அலமாரி இருக்கில்ல, அதுல மேலேருந்து ரெண்டாவது பெட்டி. பவர் வயரைப் பிடுங்கித் திரும்பச் சொருகணும்."

அலமாரிக் கதவு திறக்கும் சத்தம்.

"சொருகிட்டேன். அப்புறம்?"

"எழுந்திரிக்க அஞ்சு நிமிஷம் ஆகும். லைன்ல இரு."

இரண்டு அறைகளில் இரண்டு பேரும் ஒரே முனகலைக் கேட்டுக்கொண்டு இருந்தார்கள். அவளுக்கு அது அன்றைய மழைச் சத்தம் மாதிரி இருந்தது.

"அண்ணி." குரல் இறங்கியிருந்தது. "அன்னைக்கு அம்மா முதல்ல என்னைத்தான் கூப்பிட்டாங்க. பக்கத்து ரூம்ல ஃபோனை நோண்டிக்கிட்டிருந்தேன். அண்ணி போவாங்கன்னு விட்டுட்டேன்."

இவளுக்கு ஆத்திரமாக வந்தது. "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"பயமா இருந்துச்சு. எல்லாரும் உங்களைத்தான் பாத்தாங்க, நானும் அப்படியே சொல்லிட்டேன்." பிறகு அவளே, "அம்மா தினமும் கேக்கறாங்க, எங்கடீ நம்ம அசமந்தம்னு."

திரையில் கிளையிலிருந்து பதில் வரத் தொடங்கியது, ஒவ்வொரு வரியாக.

"வந்துடுச்சா அண்ணி?"

மணி ஒன்று ஐம்பத்தாறு. கண்ணைத் துடைத்துக்கொண்டு, வரிகள் ஏறுவதைப் பார்த்தாள்.

"இன்னும் வரல," என்றாள். "கொஞ்ச நேரம் லைன்லயே இரு."