பசை வைத்த விளையாட்டுப் பெட்டி

சேலத்துக் கிறிஸ்தவப் பையன் ஒருவனைக் கட்டிக்கொள்ளப் போவதாக எங்கள் மகள் தை மாதம் சொன்னாள். அன்றோடு அவள் அப்பா அவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். சண்டை போட்டிருந்தால் நானும் ஒரு கை பார்த்திருப்பேன். வாயே திறக்காத ஆளோடு என்ன சண்டை போடுவது? "அவளச் சாப்புடச் சொல்லு", "அப்பாவுக்கு ரசம் வேணுமான்னு கேளும்மா" என்று சித்திரை வரைக்கும் இருவருக்கும் நடுவில் நான்தான் தபால் கொண்டுபோனேன்.

சித்திரையில் ஒரு சனிக்கிழமை அந்தப் பையனே வந்துவிட்டான். பழம், இனிப்பு என்று வந்திருக்கலாம். பெரிய அட்டைப்பெட்டியோடு வந்தான். உள்ளே பொடிப்பொடியாகப் பிளாஸ்டிக் கட்டைகள். ஒன்றோடு ஒன்று செருகினால் பழைய வீடியோ கேம் பெட்டி ஒன்று வருமாம். மஞ்சள் வட்ட வாய் ஒன்று புள்ளிகளைத் தின்றுகொண்டே பேய்களுக்குப் பயந்து ஓடுமே, அந்த விளையாட்டு. பின்னால் உள்ள கைப்பிடியைச் சுற்றினால் வாயும் பேயும் ஓடும். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் டிவி முன்னால் உட்கார்ந்து வெறிபிடித்து ஆடியது அதுதான். உளவு சொன்னது யார் என்று நான் கேட்கவில்லை. மகள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வாங்க" என்றார் அவர். எங்கள் பக்கத்தில் கோபத்திலும் மரியாதை குறையாது. பெட்டியைக் கொஞ்ச நேரம் முறைத்தார். பிறகு பாய் விரிக்கச் சொன்னார்.

புதுச்சத்திரத்தில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறவர். கட்டுகிற சாமான் எதைக் கண்டாலும் கை சும்மா இருக்காது. பையன் புத்தகத்தில் படம் பார்த்துக் கட்டைகளை எடுத்துக் கொடுக்க, இவர் செருகினார். மத்தியானத்துக்குள் பெட்டி பாதி எழும்பிவிட்டது. "அந்தக் கறுப்பு", "இதுங்களா", "அதில்லைங்க" என்பதுதான் அவர்கள் பேசிக்கொண்டது. மோர் கொண்டுபோய் வைத்தேன். குடித்தார்கள்.

பெட்டியை லேசாக அசைத்துப் பார்த்தவருக்கு முகம் மாறியது. ஆடுகிறது. பாடி ஆடினால் அவருக்குச் சோறு இறங்காது. எழுந்துபோய், ஒரு சொட்டில் பிடித்துக்கொள்கிற பசையை எடுத்துவந்தார்.

"ஒட்டாதீங்க அங்கிள். ஒட்டினா சுத்தாது" என்றான் பையன்.

பட்டறையில் யாரும் அவரிடம் இப்படிச் சொன்னதில்லை.

"வெல்டு வெக்காத பாடி கொல்லிமல ஏறுமுங்களா தம்பி?"

"இது மேசை மேலதானங்க இருக்கப்போகுது."

அவர் ஒட்டினார். மூலைக்கு மூலை ஒட்டினார், பற்சக்கரம் இருக்கிற இடத்தையும் விடவில்லை. பையன் கையைப் பிடித்துத் தடுக்கவில்லை. சொன்னது தப்பு என்று பின்வாங்கவும் இல்லை. அடுத்த கட்டையை எடுத்துக் கொடுத்தான்.

சாயங்காலம் வேலை முடிந்தது. புது லாரியை நிறுத்துவதுபோல் பெட்டியைக் கிழக்கே பார்த்து வைத்தார். எலுமிச்சம்பழம்தான் பாக்கி. கைப்பிடியைச் சுற்றினார். சுற்றவில்லை. பலம் கொடுத்தார். கைப்பிடி கையோடு வந்துவிட்டது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் கல்யாணம் அங்கேயே நின்றுபோகும் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அவர் கைப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சொல்லியும் நாங் கேக்கல" என்றார், பொதுவாக.

பையன் கிளம்புவதற்கு எழுந்தான். அவர் அவனைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. மகள் பக்கம் திரும்பினார்.

"சாமி, நாளைக்குச் சர்ச்சு முடிஞ்சதும் நேரா இங்க வரச் சொல்லு. கத்தி போட்டுப் பிரிச்சுப் பாக்கலாம். நாங் கறி எடுத்துட்டு வந்தர்றேன்."

பையன் பக்கத்திலேயேதான் நின்றான். அவனிடமே சொல்லியிருக்கலாம். மகளிடம் சொன்னார்.

"செரிங்கப்பா" என்றாள் அவள்.

நான் அடுப்படிக்குப் போய் நன்றாக அழுதேன்.