சிவநேசன் அண்ணையின் நாகசாகி

இன்று லண்டன் ஹவுன்ஸ்லோவில் நான் வேலை செய்யும் போட்டோக் கடைக்குச் சிவநேசன் அண்ணை வந்தார். போன மாதம் மோர்டன் கலியாண வீட்டுப் பந்தியில், "கடையிலை படம் கழுவிறவளுக்கு உலகம் எங்கை தெரியும்?" என்று எல்லாருக்கும் முன்னால் என்னைக் கேட்ட அதே அண்ணை.

"ஜப்பானுக்குப் போட்டு வந்தனான். நாகசாகி. கவனமாக் கழுவும்," என்று பிலிம் சுருளை நீட்டினார். "மூண்டு பக்கமும் மலை, நடுவிலை துறைமுகம். உமக்குச் சொன்னா விளங்காது."

"ஓம் அண்ணை," என்றேன்.

கழுவினேன். துறைமுகம் இருந்தது. மலைச்சரிவில் அடுக்கடுக்காக வீடுகள். ஒரு கல்பாலம், ஆற்றில் விழுந்த நிழலோடு சேர்ந்து மூக்குக்கண்ணாடி போலத் தெரிந்தது. அழகான ஊர்தான்.

ஒவ்வொரு படத்துக்கும் அடியில் ஒரு வரி: ராகுகாலம், எமகண்டம்.

அண்ணை ஜப்பானுக்குப் போகவில்லை. மோர்டன் பலசரக்குக் கடை இலவசமாகக் கொடுத்த, மாதத்துக்கொரு நாகசாகிப் படம் போட்ட கலண்டரைப் படம் பிடித்திருக்கிறார். என் குசினியிலும் அதுதான் தொங்குகிறது.

வழக்கமாக எங்கள் மெஷின் ஓரங்களை வெட்டிவிடும். அவர் தப்பியிருப்பார். நான் ஓரம் வெட்டாமல், எல்லாவற்றையும் பெரிதாக அடித்து, உறையை ஒட்டிக் கொடுத்தேன்.

"நல்ல பிள்ளை," என்றார். "ஞாயிற்றுக்கிழமை ஆர்ச்வே கோயிலிலை எல்லாருக்கும் முன்னாலைதான் பிரிப்பன்."

நானும் போகிறேன். முதல் படம் வெளியே வந்ததும், "அண்ணை, நாகசாகியிலை இண்டைக்கு ராகுகாலம் எத்தினை மணிக்கு?" என்று கேட்பேன்.

உங்களில் யார் யார் வருகிறீர்கள்?