கொல்லிமலையில் அடைத்த ஓடை

ஆகஸ்ட் மாதம், ஒரு சனிக்கிழமை. காலை ஐந்தே முக்காலுக்கு ராசிபுரத்திலிருந்து பைக்கில் கிளம்பினோம், நானும் என் கணவர் செல்வராஜும். அவருக்கு நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் வேலை. நான் ஐந்தாம் வகுப்பு டீச்சர். இரண்டு பேர் காதும் ஓய்வு கேட்டது.

மலையடிவாரம் காரவள்ளியில் டீ பதினைந்து ரூபாய். அங்கிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள். நாற்பதைத் தாண்டியதும் காது அடைத்தது, குளிர் சட்டைக்குள் புகுந்தது. ஒன்பதரைக்கு விடுதி வந்துவிட்டது. செம்மேட்டிலிருந்து ஆறு கிலோமீட்டர், ஒரு நாளைக்கு மூவாயிரத்து ஐந்நூறு. 'விவசாயக் கிராமத்தில் இயற்கையோடு இரண்டு நாள்' என்று வாசலில் பலகை. பின்புறம், ஓடைத் தண்ணீர் நிரப்பிய குளம். அதில் நானும் அரை மணி நேரம் சுகமாகக் கிடந்தேன். அதை மறைக்க மாட்டேன்.

மூன்று மணிக்குத் தனியாகச் சரிவில் இறங்கி நடந்தேன். மிளகுக்கொடி படர்ந்த மரங்கள், பலா, அதற்குக் கீழே படிப்படியாக நெல்வயல். நட்டு ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. வயலில் தண்ணீர் இல்லை, மண் வெடிக்கத் தொடங்கியிருந்தது. பயிரின் நுனி மஞ்சளாகியிருந்தது. காய்ந்த வாய்க்காலில் மண்வெட்டியோடு ஒரு பெண் நின்றிருந்தார். பெயர் பொன்னம்மா என்று பிறகு சொன்னார்.

"மேல ரிசார்ட்டுக்கு வந்தவங்களா?"

"ஆமாங்க."

"குளிச்சாச்சா?"

குரலில் கேலி இல்லை. ஆனால் என் தலைமுடி இன்னும் ஈரமாக இருந்தது. எனக்கு முகம் சுட்டது.

"வெள்ளிக்கிழமை மணல் மூட்டை போட்டு ஓடைய அடைச்சு, தண்ணிய அவங்க குளத்துக்குத் திருப்பிருவாங்க. திங்கக்கிழமைதான் எடுப்பாங்க. மழை இருந்தா ரெண்டு பக்கமும் ஓடும், நாங்க கண்டுக்கறதில்ல. இந்த வருசம் மழை இல்ல. நாளைக்குள்ள தண்ணி வரலன்னா நட்டது போச்சு."

"கேட்டுப் பாத்தீங்களா?"

"கேட்டோம். விருந்தாளி வந்திருக்காங்கன்னாங்க." மண்வெட்டியை ஊன்றிக்கொண்டார். "யாரு வீட்டுக்கு விருந்தாளி?"

மேலே ஏறும்போது எனக்கு மூச்சு வாங்கியது ஏற்றத்தால் அல்ல. மேலாளர் வரவேற்பு மேசையில் இருந்தான். மூட்டையை எடுக்கச் சொன்னேன்.

"மேடம், கெஸ்ட் நிறைய இருக்காங்க. இவங்க எப்பவும் இப்படித்தான் சொல்லுவாங்க. நீங்க என்ஜாய் பண்ணுங்க."

துண்டோடு நின்ற ஒருவர், "காசு குடுத்துத்தானே வந்திருக்கோம்?" என்றார்.

"நானும்தான் குடுத்திருக்கேன். அவங்க நெல்லுக்கா குடுத்தோம்?"

சத்தம் கேட்டு வந்த செல்வராஜ் என் கையைப் பிடித்தார். "ஏம் புள்ள, நமக்கெதுக்கு வம்பு? ரெண்டு நாளைக்கு வந்திருக்கறோம்."

"வாங்க, வந்து அந்த வயலப் பாருங்க. பாத்துட்டுச் சொல்லுங்க."

அவர் பார்த்தார். ஓடைக்குப் போய்ப் பேண்ட்டை மடித்துவிட்டு இறங்கினார். பதினோரு மணல் மூட்டைகள். ஆளுக்கொரு முனையாகப் பிடித்து இழுத்தோம். மூன்றாவது மூட்டையை எடுத்ததுமே தண்ணீர் என் காலைத் தள்ளிக்கொண்டு வாய்க்காலுக்குள் பாய்ந்தது. கீழே பொன்னம்மா யாரையோ கூவி அழைத்தபடி அதற்கு முன்னால் ஓடினார்.

மேலாளர் இரண்டு ஆட்களோடு வந்தான். "உடனே ரூமைக் காலி பண்ணுங்க. போலீஸக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க" என்றார் செல்வராஜ், மூட்டையிலிருந்து கையை எடுக்காமல். "யாரு ஓடைய அடைச்சாங்கன்னு அவங்க முன்னால பேசிக்கலாமுங்க."

அவன் கூப்பிடவில்லை. எங்கள் பையை வாசலில் கொண்டுவந்து வைத்தார்கள்.

நன்றி சொல்லுவார் என்று நினைத்தேனோ என்னவோ, பொன்னம்மா அப்படி எதுவும் சொல்லவில்லை. நான்கு பேரோடு மேலே வந்து ஓடைக்கரையில் உட்கார்ந்தார். "நீங்க போயிருவீங்க. மறுபடி மூட்டை போடத்தான் வருவாங்க. நாத்து பச்சை புடிக்கிற வரைக்கும் நாங்க இங்கதான்." அவர் சொன்னது சரி. கோபப்பட்டுவிட்டு இறங்கிப் போவது எனக்கு எளிது.

ஐந்தரைக்குக் கிளம்பினோம். எனக்குக் கோபம் ஆறவில்லை. ஊரில் குழாயில் இரண்டு நாள் தண்ணீர் வராவிட்டால் காலிக்குடத்தோடு சாலையில் உட்காருகிறோம். மலைக்கு வந்ததும் அடுத்தவர் வாய்க்காலில் மிதக்கிறோம், அதற்கு இயற்கை என்று பெயர் வைத்துக்கொள்கிறோம்.

ஐம்பதாவது வளைவில், ஏறி வந்த கார் ஒன்று நின்றது. ஓட்டி வந்தவர் நாங்கள் விட்டு வந்த விடுதியின் பெயரைச் சொல்லி வழி கேட்டார். பின்சீட்டில் காற்றடைத்த நீச்சல் வளையங்கள்.

"அங்க குளத்துல தண்ணி இருக்குங்களா?"

"இல்லைங்க" என்றேன். "வயலுக்குப் போயிருச்சு."