ஆறுமுகம் அண்ணன் வழி தவறவில்லை

ஆறுமுகம் அண்ணன் இறந்த செய்தி என்னிடம் இரண்டு முறை வந்தது. முதல் முறை நானே என் கண்ணால் பார்த்தேன். இரண்டாம் முறை குவைத்தில் உள்ள நம் தமிழர் சங்கத்தின் மாத இதழில் படித்தேன். "ஃபஹாஹீல் வேட்டைச் சாமான் கடையில் பணியாற்றிய அன்பர் ஆறுமுகம், பாலைவனத்தில் வழி தவறி, மழையிலும் குளிரிலும் சிக்கி இயற்கை எய்தினார்" என்று போட்டிருந்தார்கள்.

எனக்கு அறுபது வயது ஆகிறது. மங்காஃபில் நடக்கும் வெள்ளிக்கிழமை வகுப்பில் போன வருடம்தான் எழுத்துக் கூட்டக் கற்றேன். ஊறுகாய் பாட்டிலில் ஒட்டிய காகிதத்தைக்கூட விடாமல் படிக்கிறேன், அவ்வளவு சந்தோஷம். யாரையும் கேட்காமல், முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை நானே படித்த முதல் செய்தி இதுதான். அது பொய்யாக இருந்தது. அதனால் எழுதுகிறேன். என் கை மெதுவாகத்தான் போகும். எழுதி முடிப்பதற்குள் கோபம் தணிந்துவிடுமோ என்று நினைத்தேன். தணியவில்லை.

அண்ணன் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அறந்தாங்கிப் பக்கம். கடை முதலாளி குவைத்துக்காரர். அவர் வீட்டில் நான் சமையல். எனக்கும் அண்ணனுக்கும் ஒரே ரூம். அவர் இனிமையான மனிதர் என்று எழுத மாட்டேன். வாய் பொல்லாதவர். குறட்டைச் சத்தத்தில் கட்டில் ஆடும். என் சாம்பாரில் உப்பு இல்லை என்று நாள் தவறாமல் சொல்லிக்கொண்டே இரண்டு தட்டு சாப்பிடுவார்.

அவர் குவைத்துக்கு வந்த புதிதில் நடந்ததை அவரே சொல்லிச் சிரிப்பார். டூட்டி முடித்து வந்தவர், பக்கத்துக் கட்டடத்தில் ஏறி, மூன்றாம் மாடியில் யாருடைய கட்டிலிலோ படுத்துத் தூங்கிவிட்டார். கட்டில்காரர் வந்து எழுப்பியபோது, "நீ யாருய்யா என் ரூம்ல?" என்று இவர் சண்டைக்குப் போயிருக்கிறார். எல்லாக் கட்டடமும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருந்தால் மனிதன் என்ன செய்வான்? அன்று பிடித்த பயம் அவரை விடவே இல்லை. கடைக்கு ஜிபிஎஸ் கருவி விற்பனைக்கு வந்த நாளில், குழந்தை பொம்மையைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டார். முதல் வேலையாக எங்கள் ரூம் வாசலில் நின்று அதில் ஒரு புள்ளியைக் குறித்து வைத்தார்.

புதிதாக வேட்டைக்குக் கிளம்புகிறவர்கள் அவரிடம் மாட்டிக்கொண்டால் எளிதில் வெளியே வர முடியாது. கருவியை வாங்கியவரைக் கடை வாசலுக்கு இழுத்துப் போய், கடையை முதல் புள்ளியாகக் குறிக்கச் செய்வார். பிறகு மீன் மார்க்கெட் வரை போய், கருவியைப் பார்த்தே திரும்பி வரச் சொல்வார். "மொதல்ல திரும்பி வர்ற எடத்தக் குறிங்க. மொயலு எங்க இருக்குன்னு அப்புறம் பாக்கலாம். தவறிட்டீங்கன்னா குறிச்ச எடத்துக்கு வாங்க. வந்துட்டா அங்கேருந்து நகரக் கூடாது. தேடுறவன் அங்கதான் வருவான்." இதைத் தமிழில் ஒரு முறை, இந்தியில் ஒரு முறை, கையை ஆட்டி அரபியில் ஒரு முறை சொல்வார்.

அப்படி வந்தவர்தான் இன்ஜினியர் சேகர் சார். மங்காஃபில் குடும்பத்தோடு இருக்கிறார். முதலாளிக்குப் பழக்கம் ஆனவர். இந்தக் குளிர்காலத்தில் வேட்டை முகாமுக்கு வரப் போவதாகச் சொன்னார். முதலாளி வீட்டுச் சாப்பாட்டைக் கடைக்குக் கொண்டு போயிருந்த நான் அன்று அங்கே நின்றேன். சார், வண்ணத் திரையில் வரைபடம் தெரியும் பெரிய கருவியைக் கையில் எடுத்தார். முழ நீளத்தில், முதுகில் ரம்பப் பல் வைத்த கறுப்புக் கத்தி ஒன்றையும் எடுத்தார்.

"இதுல என்ன சார் அறுக்கப் போறீங்க? மொயலா, மரமா?" என்றார் அண்ணன்.

"பார்க்க நல்லா இருக்குல்ல?"

"பாக்க நல்லாத்தான் இருக்கு. மண்ணுல வச்சீங்கன்னா அதுக்கப்புறம் பாக்க முடியாது." அண்ணன் ஆரஞ்சு நிறப் பிடி போட்ட சின்னக் கத்தியை நீட்டினார். "மடக்குற கத்தி வேணாம், மூட்டுல மண்ணு ஏறிக்கும். இது கைக்கு அடங்கும். எங்க கெடந்தாலும் கண்ணுல படும். நான் இதத்தான் வச்சிருக்கேன். கருவியும் அப்படித்தான் சார். பென்சில் பேட்டரி போடுற சின்னது எடுங்க. எந்த பக்காலா மளிகைக் கடையிலயும் பேட்டரி கெடைக்கும்."

"அண்ணே, இது காய்கறி நறுக்கற கத்தி மாதிரி இருக்கு. காளிமுத்துகிட்ட குடுங்க" என்று சார் என்னைக் காட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். மீன் மார்க்கெட் வரை நடக்க அவருக்கு நேரம் இல்லை. பெரிய கருவியும் கறுப்புக் கத்தியும் காரில் ஏறின.

முகாம் சால்மி ரோட்டைத் தாண்டி, பாலைவனத்துக்கு உள்ளே. சாமான்களைப் பார்த்துக்கொள்ள அண்ணனும், சமைக்க நானும் போனோம். போய் இறங்கியதும் அண்ணன் முகாமைக் குறித்தார். மறுநாள் காலையில் சாரும் அவருடைய நண்பர்களும் கொஞ்ச தூரத்தில் முயல் பிடித்து அறுத்தார்கள். அந்த இடத்தையும் அண்ணன் குறித்தார். மதியம் முதலாளி ஊருக்குள் போய்விட்டார். அதன் பிறகு சேகர் சார் வைத்ததுதான் சட்டம்.

மதியச் சாப்பாட்டின்போது சார் இடுப்பைத் தடவிப் பார்த்தார். கறுப்புக் கத்தி இல்லை.

"அண்ணே, காலைல அறுத்த எடத்துலயே விட்டுட்டேன் போல. ஒரு நடை போய்ப் பாத்துட்டு வந்துடறீங்களா?"

"கறுப்புப் பிடி, சார். அன்னைக்கே சொன்னேன்" என்றார் அண்ணன். முணுமுணுத்துக்கொண்டே பழைய பிக்அப்பை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினார்.

அவர் போன கொஞ்ச நேரத்தில், வேறு பக்கம் பறவை இறங்கியிருப்பதாக யாரோ வந்து சொன்னார்கள். "யல்லா, கெளம்புங்க, முகாமை அங்க மாத்திடலாம்" என்றார் சார். கூடாரத்தைப் பிரித்தார்கள்.

"சார், அண்ணன் வந்துடட்டும்."

"புது எடத்தோட ஜிபிஎஸ் நம்பரை அவருக்கு மெசேஜ் அனுப்பிட்டேன்பா."

"இங்க டவரே இல்லையே சார்."

"மேட்டுல ஏறினா கிடைக்கும். ஜிபிஎஸ் விக்கிறவரே அவரு, அவருக்கா வழி தெரியாது? நீ பாத்திரத்த ஏத்து."

ஏற்றினேன். பாத்திரங்களோடு என்னையும் ஏற்றினார்கள். இருட்டியதும் மழை பிடித்தது. மறுபடியும் கேட்டேன். "அவர் ரூமுக்குப் போயி போர்த்திப் படுத்திருப்பாருப்பா" என்று சொல்லிவிட்டார்கள்.

விடிந்ததும் தேடக் கிளம்பினோம். அப்போதுதான் தெரிந்தது, சாருடைய பெரிய கருவியில் பழைய முகாம் இல்லை. குறிக்கவே இல்லை! அரபு நாடு முழுவதும் அந்தத் திரையில் வண்ண வண்ணமாகத் தெரிந்தது. முதல் நாள் இரவு நாங்கள் தூங்கிய இடம் மட்டும் அதில் இல்லை. மழை டயர்த் தடத்தை அழித்திருந்தது. ஒரே மாதிரி மண், ஒரே மாதிரி மேடு. நாங்கள்தான் சுற்றிச் சுற்றி வந்தோம். வழியில் பிக்அப் சேற்றில் இறங்கி நிற்பதைப் பார்த்தோம். அதில் ஆள் இல்லை. வெயில் ஏறிய பிறகு, தூரத்தில் தரையில் ஒரு ஆரஞ்சுப் பொட்டு தெரிந்தது.

அண்ணன் தன் கத்தியை, பிடி மேலே தெரியும்படி மண்ணில் குத்தி வைத்திருந்தார். பக்கத்தில் என் அடுப்புச் சாம்பல் கரைந்து கிடந்தது. கூடார முளை பிடுங்கிய குழிகளில் மழைத் தண்ணீர். அங்கேயே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உடம்பு விறைத்திருந்தது. தலைத் துண்டை அவிழ்த்து, அதில் சாருடைய கறுப்புக் கத்தியைத் துடைத்துச் சுற்றி வைத்திருந்தார். அந்த மழையில் அவர் தலையில் துண்டு இல்லை.

அண்ணன் மேலும் எனக்குக் கோபம் உண்டு. சால்மி ரோட்டு விளக்குகள் அங்கிருந்து மங்கலாகத் தெரியும். நடந்திருக்கலாமே அண்ணே? ஊரில் உள்ளவனுக்கெல்லாம் சொன்ன சட்டத்தை நீங்கள் ஒரு முறையாவது மீறியிருக்கக் கூடாதா? தேடுகிறவன் அங்கேதான் வருவான் என்று நம்பினீர்கள். எங்களை நம்பினீர்கள்.

மங்காஃபில் நடந்த இரங்கல் கூட்டத்தில் சேகர் சார் பேசினார். "பாவம், அனுபவசாலி. ஆனா பாலைவனம் யாரையும் விடாது. வழி தவறிட்டார்." எல்லோரும் தலையை ஆட்டினார்கள். நான் பின் வரிசையில் எழுந்து, "சார், யாரு வழி தவறினது?" என்று கேட்டேன். "ஒக்காருங்க பெரியவரே, எல்லாருக்கும் வருத்தம்தான்" என்று தோளை அமுக்கினார்கள். அந்தப் பேச்சுதான் மாத இதழில் அச்சாகியிருக்கிறது. எழுத்து என்றால் உண்மை என்று நினைத்துத்தான் இந்த வயதில் கற்றுக்கொள்ளப் போனேன். இதழ் ஆசிரியர் ஐயா, இதையும் அதே எழுத்தில், அதே பக்கத்தில் போடுங்கள். அறந்தாங்கியில் அவருடைய பேரப்பிள்ளைகள் படிப்பார்கள். தாத்தா வழி தெரியாமல் செத்தார் என்று அவர்கள் வளரக் கூடாது.

அன்று அவருடைய மடியில் அந்தச் சின்னக் கருவி இருந்தது. நான் எடுத்தபோதும் எரிந்துகொண்டிருந்தது. கிளம்பும்போது புது பேட்டரி போட்டிருப்பார். அது அவர் வழக்கம். எழுத்து கற்பதற்கு முன்பிருந்தே எனக்கு எண்கள் தெரியும். திரையில் ஒரு சின்னக் கூடாரப் படம் இருந்தது. முகாமுக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று காட்டும் இடத்தில் ஒரே ஒரு பூஜ்யம் இருந்தது.

நீங்கள் வந்து சேர்ந்துவிட்டீர்கள் அண்ணே. நாங்கள்தான் அங்கே இல்லை.