சாம்பலில் வைத்த கை

ஒரு பெண்ணுக்குச் சேர வேண்டிய வீட்டை நான் கிடைக்காமல் செய்தேன். தெரிந்தே செய்தேன். நான் எழுதியதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை... அதுதான் இன்னும் மோசம்!

சின்ன வயது, புது வேலை என்று நீங்கள் எனக்காகச் சமாதானம் தேடலாம். தேடாதீர்கள். அவற்றையெல்லாம் நானே வரிசையாக எழுதி, ஒவ்வொன்றாக அடித்துவிட்டேன்.

சுனாமி வந்துபோய் ஐந்தாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. போர்ட் பிளேரின் விளிம்பில், தகரக் கொட்டகைகளில் இருந்தவர்களுக்கு நிரந்தர வீடு ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். கொட்டகையில் உண்மையிலேயே குடியிருப்பவருக்குத்தான் வீடு. அதைச் சரிபார்ப்பது, பாலிடெக்னிக்கில் சிவில் முடித்த என் வேலை.

சொல்லாமல் கொள்ளாமல் காலை ஆறு மணிக்குப் போக வேண்டும். மூன்று முறை. ஒன்று, கொடியில் ஈரத்துணி. இரண்டு, குடத்தில் தண்ணீர். மூன்று, கொட்டகைக்கு வெளியே இருக்கும் அடுப்பில் சூடு. சாம்பல்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். சாம்பல் பொய் சொல்லாது என்பது என் நம்பிக்கை.

பொய்யைப் பிடிப்பதில் எனக்கு ஒரு ருசி இருந்தது. எங்கிருந்து வந்தது? அலை வந்த வருடம், நிவாரண முகாமில் "எத்தனை பேர்?" என்று கேட்டார்கள். அம்மா, "அஞ்சு" என்றாள். "நாலுதாம்மா!" என்று நான் எல்லோர் முன்னாலும் திருத்தினேன். எழுதிக்கொண்டிருந்தவர் என் தலையைத் தட்டி, "அச்சா பச்சி" என்றார். நல்ல பிள்ளையாம். இருவருக்கு ஒன்று என்ற கணக்கில் ஒரு போர்வை குறைந்தது. அன்று அம்மா போர்த்திக்கொள்ளவில்லை. எனக்கு நினைவில் நின்றது போர்வை அல்ல, அந்தத் தட்டு!

மாரியக்காவின் அடுப்பு மூன்று நாளும் ஆறியே கிடந்தது.

இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து வந்து, கச்சால் தீவில் ரப்பர் பால் எடுத்த குடும்பம். கணவரையும் மகளையும் அலை கொண்டுபோனது. பக்கத்துக் கொட்டகைக்காரர், நான் கேட்காமலேயே வந்து சொன்னார்: "யே ராத்மே இதர் நஹி ரஹதா, மேடம்." இரவில் இங்கே இருப்பதில்லையாம். அவருக்கு அந்தக் கொட்டகைமேல் கண் இருக்கலாம் என்று அப்போது தோன்றவே இல்லை. என் சந்தேகத்தைக்கூட நான் சமமாகப் பங்கிடவில்லை.

மூன்றாம் நாள், ஏழு மணிக்கு மூட்டையுடன் மாரியக்கா வந்தார்.

"ராத்திரி டாலிகஞ்ச்ல தங்கச்சி வீட்டுக்குப் போயிருவேன் புள்ள. இங்க கண்ண மூட முடியல. தகரத்துல மழ விழுந்தா அது வர்ற சத்தம்."

"எது வர்ற சத்தம்?"

"அதுதான்."

கடல் என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. ஒத்திகை பார்த்த கதை என்று நினைத்தேன். எல்லோரிடமும் ஒரு கதை இருந்ததே!

அப்போது மழை பிடித்துக்கொண்டது. இருவரும் உள்ளே ஒதுங்கினோம். தகரம் இரைந்தது... தூரத்திலிருந்து ஏதோ உருண்டு, நெருங்கி, தலைக்குமேல் கவிவதுபோல. மாரியக்கா கதவு நிலையைப் பிடித்திருந்தார். விரல் நுனிகள் வெளுத்திருந்தன. அந்த விரல்களில் ஒத்திகை இல்லை. எனக்குத் தெரிந்துவிட்டது.

படிவத்தின் கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. இரண்டு வரி எழுத இடம் இருந்தது. நான் ஒரு கோடு போட்டேன். மேலே, 'வசிக்கவில்லை' என்று எழுதினேன்.

ஏன்? அதற்கு முந்தைய வாரம் என் மேலதிகாரி சிரித்துக்கொண்டே கேட்டிருந்தார்: "உங்க தமிழ் ஆளுங்கன்னா கை கொஞ்சம் இளகுமோ, மேடம்?" அந்தச் சிரிப்புக்குப் பயந்தேன். நேர்மை என்று நான் பெயர் வைத்திருந்தது, தலையில் இன்னொரு தட்டுக்காகக் காத்திருந்த சிறுமியைத்தானா? விதியை மீறாதது அறமா? கண்ணால் கண்டதை எழுதாமல் விட்டது எந்தக் கணக்கில் சேரும்? மனசாட்சி என்பது வயதோடு வளரும் என்கிறார்கள். என்னுடையது வளர்ந்ததா, அல்லது சந்தேகப்பட வேறு ஆள் கிடைக்காமல் என்னிடமே திரும்பி வந்திருக்கிறதா...

சில ஆண்டுகள் கழித்து, அபர்டீன் பஜாரில் தூறலில் நின்றிருந்தேன். யாரோ தோளைத் தொட்டார்கள்.

"என்னா புள்ள, இப்புடி எளச்சிட்டீங்க? ஆபீஸ்ல சோறு போடலியா?"

மாரியக்கா! இன்னும் தங்கை வீட்டின் பின்கட்டில்தான் இருக்கிறாராம். தங்கையின் மருமகனுக்கு அது பிடிக்கவில்லையாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"வீடு வரல. நீங்க ஒழுங்காத்தான் எழுதியிருப்பீங்க. மேல எவனோ அடிச்சிட்டான்."

சொல்லியிருக்கலாம். ஒரே வாக்கியம்.

"ஆமாக்கா... மேலதான்" என்றேன்.

இதுதான் நான் எழுதிய, இல்லை, சொன்ன முதல் பொய். எவ்வளவு சுலபமாக வந்தது!

அவர் என் கையை எடுத்து, அதன்மேல் தன் உள்ளங்கையை வைத்தார். தேவைக்குமேல் ஒரு நொடி வைத்திருந்தார். தெரியுமா அவருக்கு? தெரிந்துதான் அப்படிச் சொன்னாரா?

"என்னா புள்ள," என்றார், "கை இப்புடிச் சில்லுனு கெடக்கு?"