ஏலத்தில் எடுத்த குலை

அன்று கோயில் முற்றத்தில் இருந்தவர்கள்: அங்கி களையாத போதகர், பெஞ்சில் ஏறி நின்று ஏலம் விளித்த சபைச் செயலர், என் அண்ணன் வேலை பார்த்த கான்ட்ராக்டர், அண்ணன் பெண்டாட்டியான மயினியை ஊருக்குக் கூட்டிப்போக வேன் பிடித்து வந்திருந்த அவளுடைய அண்ணன், மயினி, அவள் சேலையைப் பிடித்தபடி இரண்டு பெண்பிள்ளைகள், நான், பிறகு சபையார். என் அண்ணன் இல்லை. அவன் நட்ட ஏத்தன் வாழையின் குலை இருந்தது.

நாங்கள் பிழைக்க வந்த மலையாள ஊரான கழக்கூட்டத்தில் வாடகை வீட்டுக்குப் பின்னால், துணி துவைத்த தண்ணீர் ஓடுகிற இடத்தில் நட்டிருந்தான். முதல் குலை, கோயிலில் காணிக்கைகளை ஏலம் விடுகிற அறுப்பின் பண்டிகைக்கு என்று சொல்லிவைத்திருந்தான். அது விளைவதற்குள் கட்டடத்துச் சாரத்திலிருந்து விழுந்து போய்விட்டான். "இந்த வருஷம் கொண்டுபோகாண்டாம் மயினி, வித்தா பிள்ளையளுக்குப் பாலுக்காவது ஆகும்" என்றேன். "சொன்ன ஆளுதான் செத்தாரு தம்பி. சொன்ன சொல்லு சாகல்ல" என்று குலையை வெட்டிவிட்டாள்.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, ஆரியசாலை மொத்தக் கடைகளில் மூட்டை சுமப்பவன். மழை பெய்தால் கூரை ஒழுகுமே என்றும் பெய்யாவிட்டால் கிணறு வற்றுமே என்றும் ஒரே நாளில் பயப்படுகிற ஆள். அண்ணன் போனபின் கேட்கவே வேண்டாம். துக்கம் கேட்க வந்தவர்களெல்லாம் "கர்த்தர் பாத்துக்கிடுவாரு" என்றார்கள். அடுத்த மூச்சில் "ஊருக்குப் போயிரு மக்களே" என்றார்கள். "ஏன், கழக்கூட்டத்துல அவருக்குக் கண்ணு தெரியாதா?" என்று மயினி கேட்டாள். ஊரில் அவளுக்கென்று இருந்தது அண்ணன் வீட்டு அடுக்களையை ஒட்டிய ஒரு சாய்ப்பு மட்டும்தான். பிள்ளைகளின் பள்ளிக்கூடமோ இங்கே.

குலை ஏலத்துக்கு வந்தது. "ரெண்டாயிரம்" என்றார் கான்ட்ராக்டர். "குலைய அந்தப் பிள்ளைக்கே குடுத்திருங்க. பாவம்." நல்ல மனசு என்று சபையில் முணுமுணுப்பு எழுந்தது. எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

"ரெண்டாயிரத்து நூறு" என்றது மயினியின் குரல்.

அவர் சிரித்துக்கொண்டே ஏற்றினார். அவள் சிரிக்காமல் ஏற்றினாள். அவள் நாலாயிரம் என்றதும் அவர் நிறுத்திவிட்டுக் கேட்டார்: "கையில இருக்கா, மோளே?"

"இல்ல. தாரவரு மேல இருக்காரு. எம் மாப்பிளய எடுத்தவரு அவருதானே, தராம எங்க போவாரு?"

போதகர் தலை குனிந்தார். செயலர் மூன்று தரம் சொல்லி முடித்தார். அவளுடைய அண்ணன் பாய்ந்து வந்தார். "உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? வண்டி நிக்கி, ஏறு."

"கோயிலுக்குக் கடன் இருக்கே அண்ணே. அடைக்காம எப்பிடி வர?"

அவள் கடன்பட்டது எதற்கென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. வேன் காலியாகத் திரும்பியது.

வானத்திலிருந்து எதுவும் விழவில்லை. அந்தக் குலையையே சீவி, சிப்ஸாக வறுத்து, பக்கத்து ஹாஸ்டல் பிள்ளைகளிடம் விற்கக் கொண்டுபோனாள். எண்ணெய் டின்னுக்கு ஆரியசாலையில் நான் ஜாமீன் நின்றேன். "சேச்சீ, இனியும் உண்டோ?" என்று அக்கா முறை சொல்லி, இன்னும் வறுவல் கேட்டு அந்தப் பிள்ளைகள் வீடு தேடி வந்த அன்று மயினி அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். அண்ணன் போனபின் அவள் சத்தமாக அழுது நான் கேட்டது அன்றுதான். அழுகைக்கு நடுவே, "இப்பவும் உம்மேல எனக்குக் கோவந்தான், கேட்டீரா" என்றாள். என்னிடம் சொல்லவில்லை, கர்த்தரிடம்.

அந்த வாழையின் கன்று, கன்றின் கன்று என்று இன்றும் வருஷம்தோறும் ஒரு குலை கோயிலுக்குப் போகிறது. வருஷம்தோறும் அவளே ஏலத்தில் எடுக்கிறாள், கடனுக்கு. இந்த வருஷம் புதிய செயலர் இரக்கப்பட்டு, மீதிக் கடனைத் தள்ளிவிடலாம் என்றார். மயினிக்கு முகம் சிவந்துவிட்டது. "தள்ளாண்டாம். பாக்கி இருக்கது வரைக்கும் என்னய நடத்த வேண்டியது கர்த்தரு பாடு."

எனக்கு இன்னும் பயம்தான். ஆனால் யாராவது அவளைப் பாவம் என்று சொன்னால் நானே சண்டைக்குப் போகிறேன். இந்த வருஷம் குலையை எடுத்தது ஐயாயிரத்துக்கு. போன ஞாயிறு வரை கட்டியது போக, பாக்கி ஆயிரத்து இருநூறு ரூபாய்.