கலைச்செல்வி கேட்ட நானூறு அடி

போன வாரம் எங்கள் ரோட்டில் ஒரு நடைபாதை திறந்தார்கள். மொத்த நீளம் நானூறு அடி. செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பினால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்கு ரிப்பன், டோனட், கைதட்டல் எல்லாம் உண்டு. மேயரும் வந்திருந்தார். ஆனால் கத்தரிக்கோலைப் பிடித்தது அவர் இல்லை — கோபிசெட்டிபாளையத்துக் கலைச்செல்வி.

கலைச்செல்வி எங்கள் வீட்டுக்கு எதிர் அபார்ட்மென்ட்டில் இருப்பவள். கணவருக்கு ஐ.டி. வேலை, இவளுக்கு அவரைச் சார்ந்து கிடைத்த எச்-4 விசா, ஏழு வயதில் நிலா என்று ஒரு மகள். நியூஜெர்சியில் கார் இல்லாமல் கறிவேப்பிலைகூட வாங்க முடியாது. இவர்களிடம் இருப்பது ஒரே கார். காலையில் கணவர் அதை எடுத்துக்கொண்டு போனபிறகு, ஸ்கூல் பஸ் நிற்கும் இடத்துக்கு அம்மாவும் மகளும் நடைதான். அந்த வழியில்தான் நானூறு அடிக்கு நடைபாதை கிடையாது. ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் பறக்கும் வண்டிகள்.

ஒன்றரை வருஷத்துக்கு முன் ஒரு மழைக் காலை. ஒரு பிக்கப் டிரக்கின் சைடு மிரர் நிலாவின் குடையைத் தட்டிப் பறித்துவிட்டுப் போனது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவளை பஸ் ஏற்றிவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்துவிட்டாள் கலைச்செல்வி.

இதை யாரிடம் சொல்வது என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. மதுரையில் எங்கள் வார்டு கவுன்சிலரின் மச்சான் பெயர்வரை சொல்வேன். இருபது வருஷமாகக் குடியிருக்கும் ஊரின் மேயர் ஆணா பெண்ணா? வெப்சைட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பெண். பெயர் டெபி. பகலில் எலக்ட்ரீஷியன்.

டவுன்ஷிப் கமிட்டி என்று ஐந்து பேர். நம் ஊர் பஞ்சாயத்து மாதிரிதான். ஊரார் ஓட்டுப் போட்டு ஐவரை அனுப்ப, அவர்கள் தங்களுக்குள் ஒருவரை மேயராக்குகிறார்கள். குப்பை, பார்க், ரோட்டுப் பள்ளம், நாய் லைசென்ஸ் எல்லாம் அவர்கள் பாடு. மாதம் இரண்டு திங்கட்கிழமை கூட்டம். ஊரில் யார் வேண்டுமானாலும் எழுந்து மூன்று நிமிடம் பேசலாம்.

கலைச்செல்வி தயங்கினாள். கிரீன் கார்டுக்குப் பத்து வருஷமாகக் காத்திருக்கும் குடும்பம். கவர்ன்மென்ட் மேல் புகார் சொன்னோம் என்று அதில் கை வைத்துவிட்டால்? நான் டவுன்ஷிப் ஆபீசுக்கு போன் பண்ணினேன். பேசிய அம்மாள் விசாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெயரும் அட்ரஸும் சொன்னால் போதும் என்றார்.

பேச்சை எழுதி என் கிச்சனில் ஒத்திகை பார்த்தோம். நாலு நிமிடம் நாற்பது செகண்ட். வெட்டினோம். மூன்றேகால். 'குட் ஈவினிங்'கை எடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தோம்.

திங்கட்கிழமை போனால், எங்களுக்கு முன்னால் கோழி. வீட்டுப் பின்புறம் ஆறு கோழி வளர்க்கலாமா, எட்டா என்று முக்கால் மணி நேரம் விவாதம். "எங்கூர்ல கோழிக்கு யாரும் தீர்மானம் போட்டதில்லீங்கக்கா" என்று கலைச்செல்வி என் காதில் சொன்னாள். பயம் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று புரிந்தது.

அவள் முறை வந்தது. பேப்பரைப் பார்த்துக் குடைக் கதையைப் படித்தாள். பாதியில் ஒரு பெரியவர் எழுந்து குறுக்கே பேசினார். பெயர் ஃபிராங்க். நடைபாதை வந்தால் அவர் வீட்டு முன் நிற்கும் மேப்பிள் மரத்தின் வேர் போய்விடும். மனைவி நட்ட மரம். அந்த மனைவி இப்போது உயிரோடு இல்லை. மேயர் அவரை உட்காரச் சொன்னார்.

கலைச்செல்வி பேப்பரை மடித்தாள். மீதியை அவளுடைய ஆங்கிலத்திலேயே சொன்னாள். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "அவரோட மரத்தை நான் வெட்டச் சொல்லலை. எனக்கு இங்க ஓட்டு இல்லை. ஆனா வண்டி ஓட்டுறவங்க எங்க விசாவைப் பார்த்து பிரேக் போடுறதில்லை."

 மூன்று நிமிடம் முடிந்து சிவப்பு விளக்கு எரிந்தும் மேயர் அவளை நிறுத்தவில்லை. சனிக்கிழமை வந்து, நானே அந்த வழியில் நடந்து பார்க்கிறேன் என்றார்.

சொன்னபடி வந்தார், கூட ஒரே ஒரு மெம்பருடன். மற்றவர்கள்? ஐந்தில் மூன்று பேர் சேர்ந்து ஊர் விஷயம் பேசினால் சட்டப்படி அது மீட்டிங். முன்கூட்டியே அறிவிப்புக் கொடுக்க வேண்டுமாம். நம் ஊரில் டீக்கடை பெஞ்சு முழுக்க சட்டவிரோதம்தான்!

பாதி வழியில் பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. மேயர் பள்ளத்தில் குதித்தார். முழங்கால்வரை சேறு. அதன்பிறகு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆனாலும் ஒன்றரை வருஷம் ஆனது. ரோடு டவுன்ஷிப்புடையது இல்லை, கவுன்ட்டியுடையது (நம் ஊர் ஜில்லா மாதிரி), அவர்கள் அனுமதி வேண்டும் என்றார்கள். அளந்தார்கள். மறுபடி அளந்தார்கள். கலைச்செல்வி ஒரு கூட்டம் விடாமல் போனாள். ஃபிராங்கும் போனார். முதலில் எதிரெதிர் ஓரத்தில் உட்கார்ந்தார்கள்; பிறகு ஒரே வரிசையில். கடைசியில் பாதையை அந்த மேப்பிளைச் சுற்றி வளைத்துப் போடலாம் என்று வரைந்து காட்டியவர் ஃபிராங்க்தான். ஓட்டெடுப்பில் நாலுக்கு ஒன்று. தீர்மானம் நிறைவேறியது.

ரிப்பன் வெட்டிய இரண்டாம் நாள் எனக்கு டவுன்ஷிப்பிலிருந்து லெட்டர். புது நடைபாதை என் வீட்டு முன்னாலும் போகிறது. ஆகவே பனி கொட்டி நின்ற இருபத்துநாலு மணி நேரத்துக்குள் அந்தப் பகுதியை நானே தள்ளிச் சுத்தம் செய்ய வேண்டும்.

கலைச்செல்வியிடம் காட்டி, என் இடுப்பு வலியையும் எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"திங்கட்கிழமை கூட்டத்துக்கு வந்து சொல்லுங்கக்கா. துணைக்கு நானும் வர்றேன். ஆனா உங்களுக்கு எதிராத்தானுங்க பேசுவேன்."